மேற்கு மாம்பலத்தில் ஒரு படுக்கை அறை

"மேற்கு மாம்பலம், ஸ்டேஷனுக்கு நடை தூரம். ஒரு படுக்கை அறை ஃப்ளாட், முதல் மாடி, 560 சதுர அடி. தண்ணீர் வசதி உண்டு. உடனே குடி போகலாம். விலை 55 லட்சம், பேசித் தீர்க்கலாம்."

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் இப்படி நாலு வரி கண்ணில் பட்டுவிட்டால் போதும், வாடகை வீட்டில் காலம் தள்ளும் நம் சகோதரிகளுக்கு மனசு ஒரு குதி குதிக்கும். பதினோரு மாத ஒப்பந்தம், வருஷா வருஷம் ஏறும் வாடகை, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, விருந்தாளி வந்தால் தண்ணீருக்கு முணுமுணுப்பு, இத்தனைக்கும் விடிவு அந்த நாலு வரியில்தான் இருக்கிறது என்று தோன்றும். என் அண்ணன் பெண்ணுக்கும் அப்படித்தான் தோன்றிற்று. மூன்று வயதுக் குழந்தை, வீட்டில் ஒரே சம்பளம்.

"அத்தை, அவர் போய்ப் பார்த்துட்டு வந்துட்டார். ரொம்பப் பிடிச்சிருக்காம். புதன்கிழமை நாள் நல்லா இருக்கு, அட்வான்ஸ் கொடுத்துடலாம்னு சொல்றார்" என்று டெலிபோன் செய்தாள்.

"நீ பார்த்தியா?"

"இன்னும் இல்லை அத்தை."

இது ஏதோ என் அண்ணன் வீட்டில் மட்டும் நடக்கிற சமாசாரம் இல்லை. அந்த வீட்டில் நாளுக்கு இருபது மணி நேரம் இருக்கப் போகிறவள் அவள். காலை எட்டுக்குக் கிளம்பி ராத்திரி எட்டுக்குத் திரும்புகிறவர் போய்ப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வருகிறார். பால் காய்ச்சுகிற அன்றைக்குத்தான் நமக்கு ஸிங்க் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரிகிறது. ஆகையால் இந்த இதழில், அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் ஒரு சின்ன ஃப்ளாட்டைப் பெண்பிள்ளைகள் எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்லப் போகிறேன். மூன்று படுக்கை அறை வாங்குகிறவர்களுக்கு இவ்வளவு ஜாக்கிரதை தேவையில்லாமல் இருக்கலாம். ஒன்றே ஒன்று வாங்குகிறவர்களுக்குத் தவறிப்போக இடம் இல்லை.

முதலில் ஒரு அளவு டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள். நாங்கள் அளந்தோம். ஹால் 10-க்கு 13. படுக்கை அறை 10-க்கு 11. சமையற்கட்டு 7-க்கு 9. குளியலறை 4-க்கு 7. நடுவில் நடைபாதை 24 சதுர அடி, பால்கனி 30. எல்லாம் சேர்த்து 385 வந்தது. விளம்பரத்தில் சொன்ன 560 எங்கே? மீதி 175-ம் சுவர்களுக்குள்ளும், மாடிப்படியிலும், மீட்டர் பெட்டி இருக்கிற இடத்திலும், எல்லோருக்கும் பொதுவான வாசல் பக்கத்திலும் கரைந்திருக்கிறது. இது மோசடி இல்லை, பழைய வழக்கம். 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டப்படி, புதிதாகக் கட்டி விற்கிறவர்கள் உள்ளே நாம் புழங்குகிற 'கார்ப்பெட் ஏரியா'வைச் சொல்லியாக வேண்டும். அதில் பால்கனியைச் சேர்க்கக்கூடாது, வெளிச் சுவரையும் சேர்க்கக்கூடாது. ஆனால் கை மாறும் பழைய ஃப்ளாட்டுகளுக்கு இன்னும் பழைய கணக்கையே சொல்கிறார்கள். ஆகையால் பீரோ, கட்டில், வாஷிங் மெஷின், கிரைண்டர் எல்லாவற்றையும் மனசுக்குள் வைத்துப் பார்க்க வேண்டியது 385-க்குள்தான்.

இதைவிட முக்கியமான எண் ஒன்று இருக்கிறது. பத்திரத்தில் 'பிரிபடாத பாகம்' என்று எழுதியிருப்பார்கள், தரகர்கள் யு.டி.எஸ். என்பார்கள். கட்டடம் நிற்கிற மனையில் உங்களுக்கு எவ்வளவு பங்கு என்கிற கணக்கு அது. இந்தக் கட்டடம் ஒரு கிரவுண்டு, அதாவது 2400 சதுர அடி மனையில் ஆறு ஃப்ளாட். ஆளுக்கு 400 என்று ஆறு பத்திரத்திலும் இருந்தால் கணக்கு சரி. சில இடங்களில் எல்லாப் பங்கையும் கூட்டினால் மனையைவிட அதிகமாக வந்து நிற்கும்! கட்டடத்துக்கு வயசாகும், மண்ணுக்கு ஆகாது. நாங்கள் பார்த்தது 1988-ல் கட்டியது. இன்னும் பத்துப் பதினைந்து வருஷத்தில் இடித்துக் கட்ட வேண்டிய பேச்சு கட்டாயம் வரும். 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு சொந்தக்காரர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம். அன்றைக்கு உங்கள் கையில் மிஞ்சுவது இந்த 400-தான். மொஸைக் தரை பளபளக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள்.

வீட்டை ஒரே ஒரு தடவை, அதுவும் தரகர் சொல்கிற நேரத்தில் மட்டும் போய்ப் பார்க்காதீர்கள். நாங்கள் மூன்று வேளை போனோம்.

காலை ஆறரை மணிக்குப் போனது தண்ணீருக்காக. "தண்ணீர் வசதி உண்டு" என்பது எல்லா விளம்பரத்திலும் இருக்கும். எந்தத் தண்ணீர்? குடிநீர் வாரியத் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, சம்ப்பில் எவ்வளவு நிற்கும், யார் மோட்டார் போடுகிறார்கள், போர் எத்தனை அடி, 2019 கோடையில் ஊரெல்லாம் வறண்டபோது இந்தக் கட்டடத்தில் என்ன செய்தார்கள்? கடைசிக் கேள்விக்குக் கீழ் வீட்டு மாமி சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்: "என்ன செய்யறது, லாரிதான். மூணு மாசம் ஆளுக்கு ஆறு குடம்." உண்மையைச் சொல்கிற அக்கம்பக்கம் கிடைப்பதும் ஒரு வசதிதான். போர் தண்ணீரை ஒரு வெள்ளை பிளாஸ்டிக் வாளியில் பிடித்து ராத்திரி முழுக்க வைக்கச் சொன்னேன். காலையில் அடியில் மஞ்சளாகப் படிந்திருந்தால் இரும்புச் சத்து என்று அர்த்தம். இங்கே படிந்திருந்தது. குடிக்க முடியாது, வெள்ளைத் துணி பழுப்பாகும், ஸிங்க் கறை படும். வீட்டை வேண்டாம் என்று சொல்ல இது காரணம் ஆகாது. விலை பேசும்போது மறக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மத்தியானம் இரண்டு மணிக்குப் போனது வெயிலுக்காக. படுக்கை அறை ஜன்னல் மேற்கே இருந்தால் சாயங்காலம் ஏழு மணி வரை சுவர் கொதிக்கும், குழந்தை தூங்காது. இந்த வீட்டில் ஜன்னல் வடக்கே, எதிரே ஒரு வேப்ப மரம். அதற்கே நான் பாதி மார்க் போட்டுவிட்டேன். மேல் மாடி ஃப்ளாட் என்றால் மொட்டை மாடிச் சூடும் ஒழுக்கும் சேர்ந்தே வரும். தரைத் தளம் என்றால் மழைக்காலத்தில் சாக்கடை எதிர்த்து ஏறும் பயம். நடு மாடிதான் நல்லது என்பது என் கட்சி.

வெயில் வெளிச்சத்தில்தான் இன்னொன்றும் தெரிந்தது. வீடு முழுக்க மங்கிய க்ரீம் கலர். படுக்கை அறையில் குளியலறையை ஒட்டிய சுவர் மட்டும் புத்தம் புதிதாக வெள்ளை அடித்திருந்தது. ஒரே ஒரு சுவருக்கு மட்டும் ஏன் ஐயா இந்த அலங்காரம்? கையை வைத்துப் பார்த்தால் ஜில்லென்று இருந்தது. தட்டினால் பூச்சு உள்ளே பொக்கென்று சத்தம். மேல் வீட்டுக் குளியலறைக் கசிவு! இளந்தாய்மார்கள் இதை அலட்சியமாக விடக்கூடாது. ஈரச் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். அதன் தூசி மூச்சில் போனால் வீசிங் இருக்கிற குழந்தைக்கு இருமல் நிற்காது. எத்தனை டாக்டர் மாற்றினாலும் சுவர் காயாமல் இருமல் காயாது. என் அண்ணன் பேரனுக்கு மழை வந்தாலே மூச்சு இரைக்கும். ஆகையால் மேல் வீட்டுக்காரரைப் பார்த்து, அவர் குளியலறைத் தரையைப் பெயர்த்துச் சரி செய்ய விற்கிறவரே ஏற்பாடு செய்தால்தான் மேலே பேச்சு என்று சொல்லிவிட்டோம். மேல் வீட்டுக்காரர் சம்மதிக்காமல் இந்த வீட்டுச் சுவருக்கு எத்தனை பூச்சுப் பூசினாலும் அது பவுடர் போட்ட கதைதான்.

ராத்திரி எட்டு மணிக்குப் போனது தெருவுக்காக. ஒரு படுக்கை அறை வீட்டுக்குத் தெருதான் இரண்டாவது அறை. குழந்தை விளையாடுவது, பெரியவர்கள் காற்று வாங்குவது, நாம் நாலு பேரோடு பேசுவது எல்லாம் அங்கேதான். தெரு விளக்கு எரிகிறதா, திரும்பும் முனையில் குடிகாரர்கள் கூடுகிறார்களா, நாய்கள் எத்தனை, ரயில் சத்தம் எவ்வளவு என்று நின்று பாருங்கள். கொசுவையும் பாருங்கள். மாம்பலத்தையும் கொசுவையும் சேர்த்துக் கேலி பேசாத பழைய சென்னைக்காரர் உண்டா! ஆனால் டெங்கு கொசு சாக்கடையில் பிறப்பதில்லை, மூடாத சம்ப்பிலும் மாடித் தொட்டியிலும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், கடிப்பதும் பகலில். எனவே மூடிகளைப் பாருங்கள்.

இந்தப் பேட்டையின் நல்லதையும் சொல்லத்தான் வேண்டும். ஆரிய கவுடா ரோட்டுப் பக்கம் போனால் காய்கறி, பூ, வெற்றிலை, காப்பிப் பொடி, அப்பளம் எதற்கும் ஆட்டோ ஏற வேண்டாம். அயோத்தியா மண்டபமும் கோதண்டராமர் கோயிலும் பெரியவர்களின் சாயங்காலத்தைப் பார்த்துக்கொள்ளும். லேக் வியூ ரோட்டில் பப்ளிக் ஹெல்த் சென்டர் இருக்கிறது. ராத்திரி குழந்தைக்கு ஜுரம் என்றால் அருகில் ஆஸ்பத்திரி இருப்பதன் அருமை தாய்மார்களுக்குத் தெரியும். மாம்பலம் ஸ்டேஷனில் ஏறினால் ஒரு பக்கம் கடற்கரை, மறு பக்கம் தாம்பரம். 2023 மே மாதம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை 570 மீட்டர் நீள ஆகாய நடைபாதை திறந்தார்கள். பண்டிகைக் காலத்தில் ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் குழந்தையோடு நசுங்கி வெளியே வந்தவர்களுக்கு அதன் மதிப்பு சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

லேக் வியூ ரோடு என்கிறோமே, ஏரி எங்கே? தியாகராய நகரை உண்டாக்குவதற்காக 1920-களில் அந்தப் பெரிய ஏரியைத் தூர்த்தார்கள். பெயர் மட்டும் மிச்சம். ஆனால் மழைத் தண்ணீருக்குப் பழைய வழி மறக்கவில்லை. 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் மாம்பலத்தின் இரண்டு பக்கமும் தண்ணீர் நின்றது. பெரு மழை என்றால் துரைசாமி சுரங்கப் பாதையை மூடிவிடுவார்கள், மேற்கே இருக்கிறவர்கள் சுற்றித்தான் போக வேண்டும். இந்தக் கேள்வியைத் தரகரிடம் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. தெரு முனையில் இஸ்திரி போடுகிறவரிடம் கேட்டோம். "பாஞ்சுல இந்தத் திண்ணை வரைக்கும் வந்துச்சும்மா. இருபத்தொண்ணுல ரெண்டு படிதான், ஆனா நாலு நாள் வடியலை" என்று கையால் காட்டினார். அந்தக் கை உயரத்தை மனசில் வைத்துக்கொண்டு கட்டடத்துக்குள் வந்து மாடிப்படியின் கீழே இருக்கிற மின்சார மீட்டர்களைப் பார்த்தால், அதற்கு ஒரு அடி மேலே இருந்தன. நல்லவேளை. கீழே இருந்திருந்தால் ஒவ்வொரு மழைக்கும் முதல் மாடியும் சேர்ந்து இருட்டில் இருக்க வேண்டியதுதான்.

"இதே பணத்துக்குக் கூடுவாஞ்சேரியில் ரெண்டு படுக்கை அறை கிடைக்குமே அத்தை" என்று அவள் நடுவில் ஒரு தடவை கேட்டாள். கிடைக்கும், இன்னும் சின்ன விலைக்கே கிடைக்கும். பிள்ளைகள் பெரியவர்கள் என்றால், வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர் என்றால், அதுதான் புத்திசாலித்தனம். ஆனால் இவள் அம்மா வீடு அசோக் நகரில். அவர் ஆபீஸ் எழும்பூரில். குழந்தைக்கு ஜுரம் வந்தால் பத்து நிமிஷத்தில் பாட்டி வந்து நிற்பாள். எனக்குப் பட்டதைச் சொன்னேன்: இது ஏழெட்டு வருஷத்துக்கான வீடு. இன்னொரு குழந்தை பிறந்து இரண்டும் வளர்ந்துவிட்டால் இடம் போதாது. அப்போது விற்கவோ வாடகைக்கு விடவோ ஸ்டேஷன் பக்கத்து வீட்டுக்கு ஆள் தேட வேண்டியிருக்காது.

இனிமேல்தான் பணம்.

30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையுள்ள வீட்டுக் கடனில், வீட்டின் மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கிகள் கொடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. 55 லட்சத்தில் 11 லட்சம் நம் கையிலிருந்து. பழைய ஃப்ளாட் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2023 ஏப்ரலுக்கு முன்னால் பதிவுக் கட்டணமே 4 சதவீதமாக இருந்தது. இந்த 9 சதவீதம் ஏறக்குறைய 5 லட்சம். இதற்கு வங்கி கடன் தராது. ஆக 16 லட்சம் ரொக்கம். அதோடு, விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் விற்கிறவருக்குக் கொடுக்க வேண்டியதிலிருந்து 1 சதவீதத்தைப் பிடித்து வருமான வரிக்குக் கட்ட வேண்டியது வாங்குகிறவர் பொறுப்பு. இது பல பேருக்குத் தெரிவதில்லை.

அவர்கள் வங்கிக் கணக்கில் இருந்தது ஆறு லட்சம். மீதிப் பத்தும் அவள் கழுத்திலும் கையிலும் இருந்தது.

"நகை என்ன, எப்ப வேணாலும் பண்ணிக்கலாம்" என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்கிறவர்கள் யாரும் பண்ணிக் கொடுத்ததாக நான் பார்த்ததில்லை! வீட்டுக்காக நகையைக் கொடுக்காதே என்று நான் சொல்ல மாட்டேன். லாக்கரில் தூங்குவதைவிடக் கூரையாக இருப்பது மேல். ஆனால் பத்திரத்தில் யார் பெயர் என்று கேட்டேன். "அவர் பேர்லதான் கடன், அதனால அவர் பேர்லயே எழுதறாங்களாம்" என்றாள்.

பிறந்த வீட்டில் போட்டது, கல்யாணத்தில் வந்தது எல்லாம் ஸ்திரீதனம். அது பெண்ணுக்கு மட்டுமே சொந்தம், கணவனுக்கு அதில் உரிமை இல்லை என்று 2024 ஏப்ரலில்கூட உச்ச நீதிமன்றம் மறுபடி ஒரு தடவை சொல்லியிருக்கிறது. ஆனால் உருக்கி வீட்டில் போட்ட பிறகு, பத்திரத்தில் பெயர் இல்லையென்றால் அது உங்களுடையது என்று நிரூபிக்க வேண்டிய பாரமும் உங்களுடையதே. சொல்லக் கூசுகிறது, சொல்லாமலும் இருக்க முடியவில்லை: வீடு அவர் ஒருவர் பெயரில் இருந்து, உயில் இல்லாமல் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், ஹிந்து வாரிசுச் சட்டப்படி மனைவி, குழந்தை, அவருடைய தாயார் மூவருக்கும் சமபங்கு. கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தவளுக்கு மூன்றில் ஒன்று. இரண்டு பேர் பெயரில் பாதிப் பாதி என்று எழுதியிருந்தால் அவள் பாதி அவளுடையதே. மற்ற பாதியில்தான் பங்கு பிரியும்.

மாப்பிள்ளை நல்ல பையன். இருந்தாலும், "யார் பேர்ல இருந்தா என்ன? எல்லாம் ஒண்ணுதானே?" என்றார்.

"ஒண்ணுதான் மாப்பிள்ளை. அப்ப ரெண்டு பேர் போட்டாலும் ஒண்ணுதானே?" என்றேன்.

சிரித்துவிட்டார். அவர் தாயாருக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. அதற்காக நான் விடவில்லை. இதில் ஒரு பாரமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது: சொத்தில் பெயர் இருந்தால் வங்கி பொதுவாகக் கடன் பத்திரத்திலும் கையெழுத்துக் கேட்கும். அவர் கட்டத் தவறினால் இவளையும் கேட்பார்கள். ஆகையால் கடனுக்கு ஒரு இன்ஷூரன்ஸ் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். 2025 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைத்திருக்கிறார்கள். ஆனால் அது 10 லட்சம் வரையுள்ள சொத்துக்குத்தான். மாம்பலத்தில் பத்து லட்சத்துக்குச் சமையற்கட்டுகூட வராது!

காகிதங்களை வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடாமல் இரண்டே இரண்டை நீங்களும் பாருங்கள். ஒன்று வில்லங்கச் சான்று. பதிவுத்துறையின் இணையதளத்திலேயே தேடிப் பார்க்கலாம். முப்பது வருஷத்துக்காவது பாருங்கள். பதிவான கிரயமும் அடமானமும் அதில் வரும், பதிவாகாத விவகாரம் வராது. அதனால்தான் இரண்டாவது: அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும், ஜெராக்ஸை அல்ல. இந்த வீட்டின் அசல் விற்கிறவரிடம் இல்லை, கடனுக்காக ஒரு வங்கியில் இருந்தது. அது குற்றம் இல்லை. ஆனால் புதன்கிழமை ரொக்கமாகக் கொடுப்பதாக இருந்த அட்வான்ஸ், ஒப்பந்தம் எழுதிய பிறகு அந்த வங்கிக் கடன் கணக்குக்கே நேராகப் போயிற்று.

கசிவுக்கும் மஞ்சள் தண்ணீருக்கும் சேர்த்து 53 லட்சத்தில் விலை படிந்தது. பத்திரம் இரண்டு பேர் பெயரில், பாதிப் பாதி. குளியலறைத் தரையைப் பெயர்த்துப் போட்டு, சுவர் காய ஒன்றரை மாதம் ஆயிற்று. அது வரை குடி போகவில்லை.

பால் காய்ச்சப் போன அன்று வாசலில் சம்ப் மூடியைப் பார்த்தாள். இரும்புத் தகடு, கையால் தள்ளினாலே நகர்ந்தது. மூன்று வயதுக் குழந்தை ஒன்று உள்ளே விழ அந்த இடைவெளி தாராளம். கோலம் போடுவதற்கு முன்னால் கடைக்குப் போய்க் கொண்டியும் பூட்டும் வாங்கி வந்தாள். 180 ரூபாய். ஆறு வீட்டுக்கும் முப்பது முப்பதாகப் பிரித்துக்கொண்டார்கள். சாவி கீழ் வீட்டு மாமியிடம் இருக்கிறது.